மதகுச் சுவரில் முளைத்தது

தஞ்சாவூர்,
27-4-2025

அன்பு மகள் கயலுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? மசக்கை நின்று சாப்பாடு இறங்குகிறது என்று நீ சொன்ன பிறகுதான் எனக்குச் சரியாகத் தூக்கம் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, "உனக்கு மாடியில் இருக்கிற அந்தக் குட்டைப் போன்சாய் மரங்கள்தான் பெரிது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். நான் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம். நீயும் நடுவில் குறுக்கே பேச முடியாது.

முதலில் நீ கேட்க வேண்டியது: ஜூலை இரண்டாம் வாரம் வருகிறேன். டிக்கெட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. பிரசவம் பார்த்து, பிள்ளைக்குத் தலை நிற்கும்வரை இருந்து, பொங்கலுக்கு முன்னால் திரும்புவேன். அப்பா வரவில்லை. அவருக்குச் சமைத்துப் போட உன் அத்தை வந்து இருப்பாள். இத்தனை நாள் ஏன் இழுத்தடித்தேன் என்பதைத்தான் இனிமேல் எழுதப் போகிறேன். உன்னிடம் ஆறு வருடமாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது.

2019 மே மாதம், உன் கல்யாணத்துக்காக நாம் நான்கு நாள் மதுரையில் இருந்தோம் அல்லவா? மாடியில் தண்ணீர் ஊற்ற ஒரு பையனை ஏற்பாடு செய்திருந்தேன். காலையும் மாலையும் ஊற்று என்று சொல்லி, எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அவன் ஒரு வேளைதான் ஊற்றியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் ஊற்றியது சாயங்காலமும் ஈரமாகத்தானே இருக்கும் என்று நினைத்திருப்பான். தட்டுத் தொட்டியில் மண் இரண்டு மூன்று விரற்கடை ஆழம்தான். கீழே கொதிக்கிற தளம், மேலே அக்னி வெயில். மதியம் இரண்டு மணிக்குள் அது அப்பளமாகிவிடும். தரையில் நிற்கிற மரம் வேரை இன்னும் ஆழத்துக்கு விட்டுப் பிழைத்துக்கொள்ளும். தட்டில் இருப்பது எங்கே போகும்?

பதினொரு மரங்கள். உன்னை அனுப்பிவைத்துவிட்டு வந்து மாடிக்குப் போனவள், பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டே போனேன். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பதினொன்றிலும் பழுப்புதான். கல்யாணம் முடிந்த வீட்டில் ஆலமரம் பட்டுப்போயிற்று என்று யாரிடம் சொல்ல முடியும்? உன் அப்பாயி காதில் விழுந்திருந்தால் அன்றைக்கே பரிகாரத்துக்கு ஆள் தேடியிருப்பார். விளக்கு வைத்த பிறகு நானும் அப்பாவும் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தோம். மறுநாள் நீ போனில் "மரமெல்லாம் எப்படியம்மா இருக்கிறது?" என்று கேட்டாய். "நன்றாக இருக்கிறது" என்றேன்.

அதற்குப் பிறகு ஓர் இரவுகூட நான் வெளியூரில் தங்கியதில்லை. நீ இரண்டு முறை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டபோது முழங்கால் வலி என்றேன். வலி இருந்தது உண்மைதான், ஆனால் விமானம் ஏற முடியாத வலி இல்லை.

சரி, இது எப்படித் தொடங்கியது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. அப்பா பொதுப்பணித் துறையில் இருந்த காலம் முழுக்க, ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் ஒழிப்பது அவர் வேலையில் ஒரு பங்கு. குருவியும் காக்கையும் பழத்தைத் தின்று எச்சமிட்டால் மதகுச் சுவரிலும் பாலத்துத் தூணிலும் செடி முளைக்கும். விட்டுவைத்தால் வேர் செங்கல்லுக்கு இடையில் நுழைந்து கட்டுமானத்தையே பிளந்துவிடும். அதை வேரோடு எடுத்து, வெடிப்பில் கலவை அடைக்க வேண்டும். 1991-ல் ஒரு நாள், வாய்க்கால் மதகு ஒன்றிலிருந்து பிடுங்கிய ஆலங்கன்றை ஈரத்துணியில் சுற்றி மதியச் சாப்பாட்டுத் தூக்கில் வைத்துக் கொண்டுவந்தார். ஏன் கொண்டுவந்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. செங்கல் இடுக்கில் நசுங்கி, வேர் பட்டையாகக் கைவிரித்த மாதிரி இருந்தது. தூக்கிப்போட மனம் வரவில்லை. உடைந்த பானையின் அடிப்பாகத்தில் நட்டேன். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுதான்.

அப்பாயி விடவில்லை. "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி என்று வாழ்த்துகிறோம். இவள் ஆலையே முழ உயரத்தில் நிறுத்தி வைத்தால் குடும்பம் எப்படித் தழைக்கும்?" என்பார். நீ பிறந்து, நல்ல எடையோடு இருந்த பிறகுதான் அந்தப் பேச்சுக் கொஞ்சம் அடங்கியது. அரசமர விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதைக் கேட்டேன். பயத்தால் அல்ல. அரசின் இலை எத்தனை முறை கிள்ளினாலும் பெரிதாகவே வந்துகொண்டிருந்தது. ஓரடி மரத்தில் உள்ளங்கை அகல இலை தொங்கினால் பார்க்கச் சகிக்காது. வைத்திருந்த இரண்டையும் குளக்கரையில் நட்டுவிட்டேன். அவை இப்போது இரண்டு ஆள் உயரத்துக்கு மேல்.

நீ எட்டாம் வகுப்பில், மரங்களைப் பட்டினி போட்டுக் குட்டையாக்குவது கொடுமை என்று ஒரு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாய். பரிசு வாங்கியதால் அன்று பேசாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன், அது தவறு. பட்டினி போட்டால் மரம் செத்துப்போகும், குட்டையாகாது. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து அந்த நாற்றத் தண்ணீரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான் ஊற்றுவதும், நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவதும் மறந்துபோயிற்றா? நுனியைக் கிள்ளக் கிள்ளக் கீழே கிளைக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தட்டிலிருந்து எடுத்துத் தடித்த வேரைக் குறைத்தால் பொடிவேர் புதிதாக ஓடும். அவ்வளவுதான் வித்தை. இலை சிறுத்தாலும் பூவும் காயும் சிறுக்காது. என் மாதுளையில் ஒருமுறை ஒரு காய் முழு அளவில் தொங்கிக் கிளையையே இழுத்து வளைத்ததே, நினைவிருக்கிறதா?

தவறும் நிறையச் செய்திருக்கிறேன். புளியங்கொட்டை முளைத்ததும் நேராகத் தட்டில் வைத்து ஆறு வருடம் காத்திருந்தேன். தண்டு பென்சில் கனத்தைத் தாண்டவில்லை. பிறகுதான் புரிந்தது, தட்டில் வைத்தால் தண்டு பருக்காது. முதலில் தரையில் விட்டுத் தடிக்கவைத்து, பிறகு வெட்டித் தட்டுக்கு ஏற்ற வேண்டும். கொல்லையில் ஐந்து வருடம் விட்டேன். இப்போது அடிமரம் என் மணிக்கட்டைவிடப் பெரிது. சாயங்காலம் அது இலையை மூடிக்கொள்வதைப் பார்க்கத்தான் ஆறு மணிக்கு மேலே போகிறேன், தண்ணீர் ஊற்ற மட்டும் என்று நினைக்காதே.

கிளையை வளைக்கக் கம்பி கட்டும் விஷயத்தில் பட்டது வேறு. தொடக்கத்தில் மோட்டார் வைண்டிங் கடையில் பழைய செம்புக் கம்பி வாங்கிச் சுற்றினேன். மழை நாளில் ஆலங்கிளை எவ்வளவு வேகமாகப் பருக்கும் என்று தெரியவில்லை. இரண்டே மாதத்தில் கம்பி பட்டைக்குள் புதைந்துவிட்டது. முறுக்கு சுற்றிய மாதிரி அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. பிறகு மெத்தென்ற அலுமினியக் கம்பிக்கு மாறினேன். உன்னை வளர்த்ததையும் இதையும் சேர்த்துவைத்து நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று எதிர்பார்க்காதே. உனக்குக் கம்பி சுற்றத் தெரிந்திருந்தால் நீ மேரிலாந்தில் இருப்பாயா?

தட்டுத் தொட்டிக்காக நான் அலைந்ததும் தனிக்கதை. குயவரிடம் போய் அகலமாக, ஆழமில்லாமல், அடியில் நான்கு துளை போட்டு வேண்டும் என்றேன். "துளை போட்ட தட்டில் என்னம்மா சமைப்பீர்கள்?" என்று கேட்டார். முதல் மூன்றும் காயும்போதே முறுக்கிக்கொண்டு விரிசல் விட்டன. நான்காவதற்குச் சுட்ட ஓட்டைப் பொடித்துக் களிமண்ணில் கலந்தார். அது நின்றது. அவர் செய்து கொடுத்ததில் ஆறு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

உன் ஜன்னலோரத்து ஜூனிபரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நேற்றுவரை பச்சையாக இருந்தது, திடீரென்று பழுப்பாகிவிட்டது என்றாய். திடீரென்று இல்லை கண்ணு. ஜூனிபர் செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும். நீ கடைசியாகப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றியது உயிரில்லாத மரத்துக்குத்தான். அது வீட்டுக்குள் வைக்கிற மரமே இல்லை. அதற்கு வெயிலும் காற்றும் வேண்டும், குளிர்காலத்தில் குளிரும் வேண்டும். விற்றவர்கள் அதைச் சொல்லியிருக்க வேண்டும். தொட்டியைத் தூக்கிப்போடாதே. நான் வந்து வேறு ஏதாவது வைக்கிறேன்.

எனக்கும் ஓர் ஆசை இருக்கிறது. உன் வீட்டிலிருந்து வாஷிங்டன் ஒரு மணி நேரம்தான் என்று மாப்பிள்ளை சொன்னார். அங்கே தேசிய மரத்தோட்டத்தில் போன்சாய்க்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு வெள்ளைப் பைன் மரத்தைப் பார்க்க வேண்டும். 1625-லிருந்து தொட்டியில் வளர்கிறது, இந்த வருடத்தோடு நானூறு. மசாரு யமாகி என்பவருடைய குடும்பத்து மரம். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்துக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளித்தான் அவர்கள் வீடு. உயரமான சுவர் ஒன்று மறைத்ததால் மரம் தப்பியது. அமெரிக்கா தன் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடிய 1976-ல் ஜப்பானியர்கள் அன்பளிப்பாகத் தந்த 53 மரங்களில் இதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். குண்டு போட்ட நாட்டுக்கே. 2001-ல் அவருடைய பேரன்கள் தேடிக்கொண்டு வந்தபோதுதான், அந்த மரம் எதைத் தாண்டி வந்தது என்று வைத்திருந்தவர்களுக்கே தெரிந்ததாம். எனக்கு அவ்வளவு பேச்சடக்கம் வராது. பதினொரு மரத்தை ஆறு வருடம் மறைத்ததே என் எல்லை. பிரசவத்துக்கு முன்னால், நீ நடக்க முடிகிற நாளாகப் பார்த்து ஒருமுறை போய்வருவோம்.

இப்போது மாடியில் இருப்பவை நாற்பத்தொரு தட்டுகள். மூன்று மாதத்துக்குள் அப்பாவுக்குப் பழக்கிவிட வேண்டும் என்று சித்திரை முதல் நாளிலிருந்து தொடங்கினேன். வாழ்நாள் முழுக்க முறைப்பாசனம் பார்த்த மனிதர். முதல் வாரம் எல்லாத் தட்டுக்கும் வரிசையாக, சரிசமமாக, ஒரு குவளை. புளிக்கு வேண்டியது வேறு, காகிதப்பூவுக்கு வேண்டியது வேறு, விரலை மண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள் என்றால், "கடைமடைக்கு ஒரு நியாயம், தலைமடைக்கு ஒரு நியாயமா?" என்கிறார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேர் அழுகாமல் இருக்கத் தட்டுக்கு ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்து வைக்க வேண்டும் என்று மட்டும்தான் சொன்னேன். "வடிகாலைப் பற்றி எனக்கா சொல்கிறாய்?" என்று கோபித்துக்கொண்டு, எவ்வளவு சரிவு வேண்டும் என்று மட்டப்பலகை வைத்துப் பார்த்து, நாற்பத்தொரு செங்கல்லையும் இப்போதே தேய்த்து அடுக்கிவைத்துவிட்டார்.

ஒவ்வொரு தட்டுக்கும் எண் எழுதித் தகரத்துண்டு குத்தியிருக்கிறார். ஆபீசில் வேலையின் அளவுகளை எழுதிவைத்த பழைய எம்-புக் மாதிரியே ஒரு நீள நோட்டில் கோடு போட்டுத் தேதி, நேரம், தண்ணீர் எவ்வளவு, எல்லாவற்றையும் எழுதிக் கீழே கையெழுத்தும் போடுகிறார். நான் எதிர்க் கையெழுத்துப் போட வேண்டுமாம். இரண்டு வாரமாக எல்லாப் பக்கத்திலும் எல்லாத் தட்டுக்கும் ஒரே அளவுதான் இருந்தது.

நேற்று ராத்திரி கோடைமழை கொஞ்சம் பெய்தது. இன்று காலையில் நான் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. கீழே வந்தபோது நோட்டுச் சாப்பாட்டு மேசைமேல் திறந்திருந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"தட்டு 1. ஆல், மதகு. காலை 6.10. விரல் வைத்துப் பார்த்தது. ஈரம் உள்ளது. தண்ணீர் விடவில்லை."

எதிர்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்புடன்,
அம்மா