அந்த வீடுகளில் எப்படிக் கேட்டீர்கள், டாக்டர்?

அன்புள்ள டாக்டர் பிரான்சிஸ்கோ லோபேரா அவர்களுக்கு,

கொலம்பியாவில் குடும்பம் குடும்பமாக வந்த ஒரு மறதி நோயை நாற்பது வருடம் ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர் நீங்கள். 2024 செப்டம்பர் 10 அன்று காலமாகிவிட்டீர்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் என்று யோசித்தால் உங்கள் முகம்தான் வருகிறது.

அப்பாவுக்கு 74 வயது. கிருஷ்ணகிரி – ஓசூர் வண்டியில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வருடமாக மறதி நோய். இப்போதெல்லாம் செய்தித்தாளை டிக்கெட் அகலத்துக்கு மடித்து, மடிப்பில் கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து, கிழித்து, வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எல்லாம் கொடுக்கிறார். பால்காரருக்குத் தினமும் ஒன்று உண்டு. என் பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்த விரல்களுக்கு அளவு ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

முதன்முதலில் நாங்கள் காட்டிய மருத்துவர், "வயசானா அப்படித்தான்" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். உங்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்தக் கோபத்தில்தான்.

1980களின் தொடக்கத்தில் நீங்கள் கொலம்பியாவின் மெடெயின் நகரத்தில் நரம்பியல் படித்துக்கொண்டிருந்தீர்கள். மலைப்பக்கத்திலிருந்து ஒரு விவசாயியை அழைத்து வந்தார்கள். 47 வயது, ஒன்றும் ஞாபகமில்லை. வயதின் மேல் பழியைப் போட முடியாது. அப்பாவுக்கு இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. தாத்தாவுக்கு? அவருக்கும். கூடப் பிறந்தவர்களுக்கு? அங்கேயும் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார்கள். நீங்கள் அந்தக் குடும்பத்தைத் தேடி மலை ஏறினீர்கள்.

அந்தியோக்கியா மாகாணத்தின் யாருமால், அங்கோஸ்துரா பக்கத்து ஊர்களில் அந்த நோய்க்கு 'லா போபேரா' என்று பெயர். மந்தம் பிடித்துப்போவது என்று சொல்லலாம். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றும், ஏதோ ஒரு மரத்தைத் தொட்டால் வரும் என்றும் நம்பினார்கள். அந்த ஜனங்களை நீங்கள் கேலி செய்யவில்லை. நீங்களே யாருமாலில் வளர்ந்த பிள்ளை. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டு வம்ச வரைபடம் போட்டீர்கள். உங்களோடு செவிலியர் லூசியா மாட்ரிகல் வந்தார். சர்ச்சுகளில் இருந்த பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை எல்லாம் புரட்டினீர்கள். அந்தக் காலத்தில் அந்த மலைப்பாதைகளில் கெரில்லாக்களும் துணை ராணுவப் படைகளும் துப்பாக்கியோடு திரிந்தார்கள். லூசியாவை ஒருமுறை கடத்தியே வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் மறுபடியும் நோட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார் என்பதை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன்.

1987இல் முதல் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை வந்தது. அந்த நோய் இளம் வயதிலேயே வருகிற அல்சைமர்தான். 1995இல் அதன் காரணம் பிடிபட்டது. பிரெசெனிலின் 1 என்ற புரதம் 467 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம். அதில் 280ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டும். இந்தக் குடும்பங்களில் அங்கே அலனின் உட்கார்ந்திருந்தது. மூளைக்குள் இன்னொரு புரதத்தை அளவாக நறுக்குவதுதான் பிரெசெனிலினின் வேலை. இந்த ஒரு மணி மாறினால் நறுக்குகிற இடம் தப்பிப்போகிறது. ஒட்டும் தன்மையுள்ள துண்டுகள் அதிகமாகி, அமிலாய்டு படிவமாகச் சேர்கின்றன. அப்பாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இதைப் படித்ததாலோ என்னவோ, எனக்கு உடனே விளங்கியது.

சுமார் 6,000 உறவினர்கள். அவர்களில் ஏறக்குறைய 1,200 பேரிடம் அந்த மரபணுப் பிறழ்வு. 44 வயது வாக்கில் ஞாபகம் தடுமாறத் தொடங்கி, 49 வாக்கில் முழு டிமென்ஷியா. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. (என் தம்பி இதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வயதான பின் வருகிற அல்சைமரில் பெரும்பாலானது இப்படி நேர்வாரிசாக வருவதில்லை என்று அவனுக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது.)

இளம் வயதிலேயே நடுக்குவாதம் வருகிற குடும்பங்களையும் உங்கள் குழு ஆராய்ந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு விவரம் போதாது.

ஒரு விஷயத்தில் எனக்கு உங்களோடு மனத்தாங்கல் உண்டு டாக்டர். பல வருடங்களாக, யாரிடம் அந்தப் பிறழ்வு இருக்கிறது என்பதைக் குடும்பத்தாரிடம் சொல்லாமலே வைத்திருந்தீர்கள். மருந்தில்லாத நோயை 20 வயதுப் பெண்ணிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது உங்கள் பக்கத்து நியாயம். ஆனால் அந்தப் பெண் கல்யாணம் பண்ணலாமா, பிள்ளை பெறலாமா என்று முடிவு செய்ய வேண்டியவள். அவளுக்கு உரிமை இல்லையா? இளையவர்கள் பிற்பாடு கேட்கத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது சரி என்றுதான் நினைக்கிறேன். அப்புறம், உண்மையைத் தெரிந்துகொண்டு தனியாக ஒரு அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை நினைத்துப் பார்த்தால், உங்கள் தயக்கமும் புரியாமல் இல்லை.

2013இல் கிரெனெசுமாப் மருந்துப் பரிசோதனை தொடங்கியது. 252 பேர். அறிகுறி வருவதற்கு முன்பே மருந்து கொடுத்தால் தடுக்க முடியுமா என்று பார்க்கும் முயற்சி. பிறழ்வு இல்லாதவர்களையும் சேர்த்து அவர்களுக்கு வெறும் ஊசி போட்டீர்கள். அப்போதுதான் பரிசோதனையில் சேர்ந்ததை வைத்து யாரும் யாருடைய ரகசியத்தையும் ஊகிக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, வருடக்கணக்காக. 2022 ஜூனில் முடிவு வந்தது: குறிப்பிடும்படியான பலன் இல்லை. நாற்பது வருடம் பழகிய குடும்பங்கள் அவை. அந்தச் செய்தியோடு அவர்கள் முன்னால் எப்படிப் போய் நின்றீர்களோ.

அதற்கு முன்பே அலிரியா பியத்ராயிதா உங்கள் வாழ்க்கைக்குள் வந்திருந்தார். 44இல் வரவேண்டிய தடுமாற்றம் அவருக்கு எழுபது தாண்டித்தான் வந்தது. பாஸ்டனுக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தால் மூளை நிறைய அமிலாய்டு, ஆனால் அல்சைமரில் சேர்கிற இன்னொரு புரதமான டௌ கொஞ்சம்தான். கிறைஸ்ட்சர்ச் என்று பெயர் வைத்த ஒரு அபூர்வ மரபணு மாற்றம் அவருக்கு அம்மா வழியிலும் அப்பா வழியிலும் சேர்ந்து வந்திருந்தது. கட்டுரை 2019இல் வெளியானது. அடுத்த ஆண்டு, 77 வயதில், அவர் புற்றுநோயால் இறந்தார். மூளையை உங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார். 2024இல், அதே மாற்றம் பெற்றோரில் ஒருவர் வழியில் மட்டும் வந்த 27 உறவினர்களுக்கு நோய் சுமார் ஐந்து வருடம் தள்ளிப் போயிருப்பதைக் காட்டினீர்கள். ஐந்து வருடம். எங்கள் வீட்டில் அது, அப்பா என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கக்கூடிய காலம்.

சரி, என் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் மூளை வங்கியில் நூற்றுக்கணக்கான மூளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு இழவு வீட்டிலிருந்து வந்தது. சாவுச் செய்தி வந்ததும் உங்கள் குழு கிளம்பும். மணிக்கணக்கு முக்கியம், தாமதித்தால் திசு கெட்டுவிடும். நல்ல மூளை சுமார் 1,300 கிராம் இருக்கும். நோய் முற்றியது ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிடுவது உண்டு. ஒரு பாதி உறைநிலைக்கு, இன்னொரு பாதி ஃபார்மலினுக்கு. எல்லாம் சரி. அதற்கு முன்னால், அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் முதல் வாக்கியமாக என்ன சொன்னீர்கள்?

பெங்களூரு நிம்ஹான்ஸிலும் மூளைத் திசு வங்கி ஒன்று இருக்கிறது. ஓசூரிலிருந்து பக்கம்தான். அப்பா தெளிவாக இருந்த காலத்தில் கண்ணையே எழுதிக்கொடுத்தவர்; இதற்கும் சம்மதித்திருப்பார் என்று தம்பியும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். அம்மாவிடம் போன மாதம் மெதுவாக எடுத்தேன். முகம் மாறாது, உடம்பை நம்மிடமே கொடுத்துவிடுவார்கள், காரியம் எல்லாம் முறைப்படி செய்யலாம் என்று சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"எல்லாம்தான் போயிடுச்சே. போறப்பவாவது மனுஷன் முழுசாப் போகட்டும்" என்றார்.

உங்களுக்கு இதே பதிலைச் சொன்ன வீடுகள் அந்த மலையில் எத்தனையோ இருந்திருக்கும். சிலர் மறுத்திருக்கிறார்கள், சண்டையும் போட்டிருக்கிறார்கள் என்று படித்தேன். அப்புறம் அதே குடும்பங்களிலிருந்தே போன் வந்திருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. இடையில் நீங்கள் என்ன செய்தீர்கள்? இருபது வருடம் அந்த வீடுகளில் போய்க் காபி குடித்ததுதான் காரணமா? அப்படியானால் என்னிடம் அவ்வளவு காலம் இல்லை.

இன்றைக்குச் சாயங்காலம் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு டிக்கெட் கிழித்து அவரிடம் நீட்டினார். அம்மா அதை வாங்கி, நாலாக மடித்து, இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பையில் ஏற்கெனவே நிறைய இருந்தன. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை.

அன்புடன்,
ஓசூரிலிருந்து ஒரு கண்டக்டரின் மகள்