உயரத்தை மட்டும் எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலில் ரப்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிக்கும் பங்கி ஜம்பிங் பற்றி வரும் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் உயரத்தோடு நின்றுவிடுகின்றன. நேபாளத்தில் போட்டே கோசி ஆற்றின் மேல் 160 மீட்டர், நியூசிலாந்தில் நெவிஸ் பள்ளத்தாக்கில் 134 மீட்டர் என்று படித்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு, அங்கே போய் எதைக் கவனிப்பது என்று யாரும் சொல்வதில்லை. முதலில் கவனிக்க வேண்டியது எடை.

குதிப்பவரின் எடையைப் பார்த்துத்தான் கயிற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெல்லிய லேடெக்ஸ் ரப்பர் இழைகள் ஏராளமாகச் சேர்த்துக் கட்டிய கயிறு அது. இழைகள் கூடக்கூட விறைப்பும் கூடும். 50 கிலோ ஆளுக்கான கயிற்றில் 90 கிலோ ஆள் குதித்தால், அது அளவுக்கு மீறி நீண்டு பாறையிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடலாம். கனத்த ஆளுக்கான கயிற்றில் ஒல்லியானவர் குதித்தால் வெடுக்கென்று இழுத்து நிறுத்தும். கழுத்தும் முதுகும் தாங்காது. அதனால்தான் நல்ல இடங்களில் தராசில் ஏற்றி, கிலோவைப் புறங்கையிலேயே பேனாவால் எழுதிவிடுகிறார்கள். மேடையில் இன்னொருவர் அதை மறுபடி சரிபார்க்கிறார். "எடை எவ்வளவு?" என்று வாயால் கேட்டு எழுதிக்கொள்ளும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். கனமான ஜாக்கெட்டோடு குதிப்பதானால் அதோடேயே தராசில் ஏறுங்கள்.

கயிறு எத்தனை முறை பயன்பட்டது என்பதற்குப் பதிவேடு இருக்க வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும். வெயில் பட்டே ரப்பர் கெடும். ஓரிரு இழைகள் அறுந்து துருத்திக்கொண்டிருப்பது சாதாரணம்தான். கொத்துக் கொத்தாக அறுந்து, நிறம் வெளுத்து, வெடிப்பு விட்டிருந்தால் அந்தக் கயிறு வேண்டாம். 2011 டிசம்பர் 31 அன்று ஆப்பிரிக்காவின் விக்டோரியா அருவிப் பாலத்தில் கயிறு அறுந்து ஒரு பெண் சாம்பெசி ஆற்றில் விழுந்தார். கால் கட்டோடு நீந்தித்தான் உயிர் தப்பினார்.

கணுக்காலில் முதலில் துண்டைச் சுற்றி, அதன்மேல் நைலான் பட்டையை இறுக்குவார்கள். கணுக்காலை மூடும் உயரமான பூட்ஸ் இதற்கு ஆகாது. கால் கட்டு நழுவினாலும் தாங்க, இடுப்பில் மாட்டும் வார்ப்பட்டையான ஹார்னஸிலிருந்து தனி இணைப்பு ஒன்று கயிற்றுக்குப் போக வேண்டும். இவற்றைக் கோக்கும் உலோகக் கொக்கியான காராபைனரின் பூட்டு முழுதும் திருகியிருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

குதிக்கச் சொல்லும் சொல் எது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். 2015-இல் ஸ்பெயினில் 17 வயதுப் பெண் ஒருவர், கயிறு பாலத்தோடு இணைக்கப்படும் முன்பே குதித்து இறந்தார். பயிற்றுநர் சொன்ன 'நோ ஜம்ப்' அவர் காதில் 'நவ் ஜம்ப்' என்று விழுந்திருக்கலாம் என்று வழக்கு விசாரணையில் வெளிவந்தது. மொழி தெரியாத ஊரில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுவதும், அதோடு தோளில் ஒரு தட்டும் இருந்தால் குழப்பமில்லை.

குதிக்கும்போது கீழே பார்க்காமல் எதிர்மலையைப் பார்த்து, கைகளை விரித்து, முன்னோக்கிப் பாயுங்கள். காலை முதலில் விட்டு இறங்கினால் உடல் சுழன்று கயிறு கையிலோ கழுத்திலோ சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பயத்தில் கயிற்றைப் பிடிக்கவே கூடாது.

குதித்த பிறகு மேலே வரும் வழி இடத்துக்கு இடம் மாறும். நியூசிலாந்தில் 1988-இல் பங்கி ஜம்பிங் தொடங்கிய கவாராவ் பாலத்தில், 43 மீட்டர் கீழே ரப்பர் படகு வந்து ஏற்றிக்கொள்ளும். நெவிஸில் தலைகீழாகத் தொங்கியபடி ஒரு நாடாவை இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தால் வின்ச் என்ற கயிறு சுற்றும் இயந்திரம் மேலே தூக்கும். போட்டே கோசியில் கீழே இறக்கிவிடுவார்கள். செங்குத்தான பாதையில் நடந்துதான் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சீட்டு வாங்கலாம்.

கயிறு இழுத்து நிறுத்தும் கணத்தில் ரத்தம் தலைக்குப் பாய்வதால் விழித்திரையில் ரத்தக்கசிவு ஏற்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், உயர் ரத்த அழுத்தம், இதயநோய், வலிப்பு, முதுகெலும்புக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் குதிக்கக் கூடாது. பயணக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுக்கு இடமில்லை. பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்.

பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசினால் குதிப்பதை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஊர் திரும்பும் நாளில் குதிப்பதற்கு முன்பதிவு செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்