விடுமுறையில் கோல்ஃப் கிரிப் மாற்றுபவர்கள் கவனத்திற்கு

வணக்கம். குடும்பத்தோடு வெளியே கிளம்பும் நாளுக்கு முந்தின மாலையே இந்த வேலையை முடித்துவிடுங்கள். மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பானை ஊற்றிப் போட்ட கிரிப் (மட்டையின் கைப்பிடி உறை), ஒரு ராத்திரி முழுக்கக் காய்ந்தால்தான் பிடிக்கும். அவசரப்பட்டு ஆடினால் கைக்குள்ளேயே திருகிக்கொள்ளும்.

வாங்கும்போதே கிரிப் வாய்க்குள் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். கைப்பிடிப் பக்கம் 0.600 அங்குல விட்டமுள்ள மட்டைத் தண்டுக்கு 60. அதில் 58 போட்டால் சற்றுத் தடித்து நிற்கும்.

பழையதைக் கொக்கி பிளேடால், உடம்புக்கு எதிர்த்திசையில் கீறுங்கள். கிராஃபைட் தண்டில் நேர் பிளேடு வேண்டவே வேண்டாம், நாரைக் கீறிவிடும். வைஸில் (தண்டைப் பிடித்து நிறுத்தும் இடுக்கியில்) ரப்பர் கவ்வி வைத்து லேசாக மட்டும் இறுக்குங்கள்.

பழைய டேப்பின் பசையைச் சுத்தமாக எடுத்துவிட்டு இருபக்க டேப் ஒட்டுங்கள். கைப்பிடிப் பக்க நுனியில் டேப்பை அரை அங்குலம் நீட்டிவிட்டு, முறுக்கித் தண்டின் துளைக்குள் திணியுங்கள். கிரிப் மூடியின் ஓட்டையை விரலால் அடைத்து ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப் மேல் தாராளமாக வடியவிடுங்கள். பாதியில் சிக்குவதெல்லாம் ஸ்பிரிட்டில் கஞ்சத்தனம் செய்வதால்தான். ஒரே தள்ளில் கடைசிவரை ஏற்றி, மட்டையின் முகப்பைப் பார்த்து கிரிப்பை உடனே நேர் செய்யுங்கள்.

ஜன்னல் திறந்திருக்கட்டும். அடுப்பு, சிகரெட் பக்கம் வேண்டாம். குழந்தைகளும் தள்ளியே இருக்கட்டும்.