நமது கேட்போர் வட்டத்தின் 2025 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கோவையில் ராக், மெட்டல் இசை கேட்கக் கூடும் நம் வட்டத்தின் 2025-ஆம் ஆண்டுச் செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற ஜனவரியில் பொதுக்குழு கூடியது. பழைய நிர்வாகிகளே தொடர்வதென்று முடிவானது. பிப்ரவரியில் ஆம்ப், அதாவது ஒலிபெருக்கும் கருவி, பழுதாகிச் சரிசெய்யப்பட்டது. இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளின் ஊசி மாற்றப்பட்டது. நம்மிடம் உள்ள கேசட், சிடி, எல்.பி. இசைத்தட்டு அனைத்துக்கும் இணைச் செயலாளர் பட்டியல் எழுதி முடித்தார். வெயில் அதிகம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் மே மாதக் கூட்டம் நடக்கவில்லை.

இந்த ஆண்டின் பெரிய வேலை, ஆண்டு வரிசைக் கேட்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முன்பெல்லாம் நம் கூட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு பாட்டு கொண்டுவருவோம். கடைசியில் மாதாமாதம் அதே பத்துப் பதினைந்து பாட்டுதான் ஓடும். ராக், மெட்டல் இசைக்காரர்கள் பாட்டை மட்டும் போட்டுவிட்டுப் போனவர்கள் இல்லை, ஆல்பமாக யோசித்தார்கள். எதை முதலில் வைப்பது, முதல் பக்கத்தை எதில் முடிப்பது என்று உட்கார்ந்து முடிவு செய்தார்கள். ஆகவே 1970-இல் தொடங்கி, ஆண்டு வாரியாக, ஆல்பத்தை முழுதாகக் கேட்போம் என்று நான் முன்மொழிந்தேன். முதல் பக்கம், டீ, இரண்டாம் பக்கம். ஓடும்போது பேச்சு கிடையாது. செயலாளர் தன் விருப்பத்தை எல்லோர் மேலும் ஏற்றிவிட்டார் என்று ஒரு பேச்சு வெளியே இருப்பது எனக்குத் தெரியும். பொதுக்குழுவில் கையுயர்த்தி நிறைவேற்றிய தீர்மானம் அது. குறிப்பேட்டில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

முதல் கூட்டத்தில் இங்கிலாந்தின் பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம். 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் வாசித்துப் பதிவு செய்தது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. மழைச் சத்தம், தூரத்தில் மணி, அப்புறம் அந்த மூன்று சுர ரிஃப், திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு. அந்த ரிஃப் எந்தக் கையிலிருந்து வந்தது என்பதை அன்றைக்குச் சொன்னேன். அவர்களின் கிதார் கலைஞர் டோனி அயோமி இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினேழு வயது. வேலையை விட்டுப் போகும் கடைசி நாள், வராத ஆளுக்குப் பதிலாக பிரஸ்ஸில் நின்றார். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. அவர் இடது கைக்காரர், அதனால் கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டு வாசித்தார். மெல்லிய கம்பிகளைத் தேடிப் போட்டார். 1971-இல் வந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குக் கம்பியைத் தளர்த்தி மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். விரலுக்கும் எளிது, சத்தத்துக்கும் கனம். இன்றைக்கு மெட்டல் என்றாலே நாம் எதிர்பார்க்கும் அந்தக் கனம் அங்கேதான் ஆரம்பித்தது.

நம் கோவையில் இதை விளக்க வேண்டியதில்லை. நம் உறுப்பினர்களில் பலர் கணபதி, சிட்கோ பக்கம் லேத்திலும் பிரஸ்ஸிலும் ஃபவுண்டரியிலும் நிற்பவர்கள். அன்றைக்கு பவர் பிரஸ் ஓட்டும் ஓர் உறுப்பினர் எழுந்து தன் இடது கையை நீட்டிக் காட்டினார். ஆட்காட்டி விரலில் நுனி இல்லை. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் எங்களில் பலர் அதைக் கவனித்ததில்லை. அந்தப் பதிவை இன்னொரு முறை போடச் சொன்னார், போட்டோம். அவர் அதற்கப்புறம் ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. வரிசையாகக் கேட்பதால் என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்து லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பம். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில், ஜான் பான்ஹமின் ட்ரம்ஸை மாடிப்படிக்குக் கீழே கூடத்தில் வைத்து, மைக்கை மேலே இருந்து தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். கேட்டு முடிந்ததும் இளம் உறுப்பினர்கள் இருவர் நம் மாடிப்படியில் நின்று கைதட்டிப் பார்த்தார்கள். டீப் பர்ப்பிளின் மெஷின் ஹெட் கேட்ட நாளும் நன்றாக அமைந்தது. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோவில் அவர்கள் பதிவு செய்யவிருந்த காசினோ தீயில் எரிந்துபோனது. வேறொரு மண்டபத்துக்குப் போனார்கள். இரவுச் சத்தம் பற்றி அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்தது. கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கி, வெளியே நிறுத்திய பதிவு வண்டிக்கு ஒயர் இழுத்து முடித்தார்கள். நம் அறைக்கும் கீழ்வீட்டிலிருந்து புகார் வந்தது உங்களுக்குத் தெரியும். அந்த ஆல்பத்தைக் கேட்ட மறுவாரமே ஒரு உறுப்பினர் வீட்டிலிருந்து பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் வந்து சேர்ந்தன. சன்னலில் சாத்திய பிறகு புகார் குறைந்தது. எட்டு மணிக்கு மேல் ஒலிப்பதில்லை என்றும் வீட்டுக்காரரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க்கில் பிளாக் சபாத்தின் பழைய நால்வரும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றாக மேடையேறினார்கள். குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் பார்கின்சன் நோயால் நிற்க முடியாமல் அரியணை போன்ற நாற்காலியில் அமர்ந்து பாடினார். அவர் வளர்ந்த ஆஸ்டன் பகுதியில்தான் அந்த மைதானம் இருக்கிறது. ஜூலை 22 அன்று, எழுபத்தாறு வயதில் காலமானார். அந்த ஞாயிறு சிறப்புக் கூட்டம் போட்டோம். நம் வட்டம் தொடங்கியதிலிருந்து அவ்வளவு பேர் வந்ததில்லை. நாற்காலி வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது, படியிலும் உட்கார்ந்தார்கள். பிரபலமான பாட்டுகளை மட்டும் போடச் சொல்லிச் சீட்டுகள் வந்தன. நான் முதல் ஆல்பத்தை முழுதாகப் போட்டேன். சிலருக்கு வருத்தம். ஒரு பாடகருக்கு அஞ்சலி செலுத்த, அவரும் மூன்று நண்பர்களும் ஒரே நாளில் வாசித்ததை ஒரே மூச்சில் கேட்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இப்போதும் அதே கருத்துதான்.

என் மனதில் இருப்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஜூலையில் கண்கலங்கியவர்களில் பெரும்பாலோர் ஆகஸ்டில் வரவில்லை. ஆகஸ்டில் கேட்டது ஜூடாஸ் பிரீஸ்டின் பிரிட்டிஷ் ஸ்டீல், 1980. அவர்களும் அதே பர்மிங்காம் பக்கத்து ஆட்கள். கண்ணாடி உடையும் சத்தத்துக்குப் பால் பாட்டில்களை உடைத்தார்கள். இரும்பு மனிதர்கள் நடந்து வரும் சத்தத்துக்கு ஸ்பூன், ஃபோர்க் வைக்கும் தட்டைக் குலுக்கினார்கள். சபாத்தில் இருந்த இருட்டும் தொய்வும் போய், பாட்டு நறுக்கென்று மூன்று நான்கு நிமிடத்தில் நிற்கும். பத்து ஆண்டுகளில் ஒரே ஊரின் இசை எப்படி மாறியது என்பது அன்றைக்குத்தான் விளங்கும். முன்வரிசை மட்டும் நிறைந்திருந்த அறையில் அதைப் போட எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. “லிங்க் அனுப்புங்க, வீட்டில் கேட்டுக்கிறேன்” என்று செய்தி போடுகிறவர்கள் கேட்கிறார்களா என்று நான் சோதிக்கப் போவதில்லை. ஆனால் டீக்கு எழுந்தவுடன் இருவர் ஒரு ரிஃப்பைப் பற்றிச் சண்டை போடுவது வீட்டில் கிடைக்காது.

2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் பேலஸ் கிரவுண்டில் அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா வாசித்தபோது நம்மில் எத்தனையோ பேர் ராத்திரி பஸ் பிடித்துப் போனோம். இன்றும் பேச்சில் அது வராத கூட்டம் இல்லை. அப்படிப் போனவர்களுக்கு நம் மாடி தூரமாகிவிட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நவம்பரில் 1986-க்கு வந்தோம். மெட்டாலிகாவின் மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ் அந்த ஆண்டு மார்ச்சில் வந்தது; ஸ்லேயரின் ரெயின் இன் பிளட் அக்டோபரில். இரண்டுக்கும் நடுவே, செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து மெட்டாலிகாவின் பேஸ் கிதார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார், இருபத்து நான்கு வயது. அவருடைய பேஸ் முன்னால் வந்து பாடும் மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸின் அந்தக் குரலில்லாப் பாட்டை இதைத் தெரிந்துகொண்டு கேட்டவர்கள் டீக்கு எழுந்திருக்கவே நேரம் ஆனது. ஸ்லேயர் ஆல்பம் மொத்தமே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கேசட்டின் இரண்டு பக்கத்திலும் முழு ஆல்பத்தையும் பதிந்து விற்றார்கள். டிசம்பரில் மெட்டாலிகாவின் 1988 ஆல்பம். பேஸ் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அந்தப் பதிவின் வெறுமை, முந்தைய மாதம் வந்திருந்தவர்களுக்கு மட்டும்தான் உறைத்தது. ஒரு கூட்டத்தை விட்டால் அடுத்ததும் பாதி போய்விடுகிறது. வராதவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, இந்த இழப்பு அவர்களுக்கு என்பதுதான் ஆதங்கம்.

கணக்கு. வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது. வாடகை, மின்சாரம், டீ ஆகியவையே முக்கியச் செலவுகள். வரவு செலவுக்குச் சற்றுக் குறைவாக இருந்ததால், மீதியை நிர்வாகிகள் கையிலிருந்து போட்டிருக்கிறோம். சந்தா பாக்கி இல்லாதிருந்தால் அதற்குத் தேவை வந்திருக்காது. பாக்கிதாரர் பட்டியலை வாசிக்க வேண்டும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். மாதம் நூறு ரூபாய் யாருக்கும் பாரம் ஆகக் கூடாது. உண்மையிலேயே முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், அது இருவருக்குள் இருக்கும். முடிந்தும் தராமல், கூட்டத்துக்கு மட்டும் வருகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: புகாரையும் பொறுத்துக்கொண்டு இடம் தரும் வீட்டுக்காரர், ஆம்பைக் கூலி வாங்காமல் பார்த்துக் கொடுத்த உறுப்பினர், டீ போடும் தம்பிகள், மெத்தை கொடுத்த குடும்பம், ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், இணைச் செயலாளர். அனைவருக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டு 1991-இலிருந்து. டெத் குழுவின் ஹியூமன் முதலில். அதை நடத்திய சக் ஷுல்டினர் முப்பத்து நான்கு வயதில் மூளைக் கட்டியால் இறந்தவர். உறுமும் குரலுக்குக் கீழே எவ்வளவு நுணுக்கமான வாசிப்பு இருக்கலாம் என்று காட்டியவர். பிறகு நார்வே குழுக்கள், ஸ்வீடனின் கோதன்பர்க் நகரக் குழுக்கள், ஆண்டு முடிவில் 2001-இல் வந்த, ஸ்வீடன் குழுவான ஓபெத்தின் பிளாக்வாட்டர் பார்க். அந்த ஓபெத் 2009-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவுக்கு வந்து வாசித்தது. அங்கே இருந்தவர்கள் நம்மிடையே உண்டு. அன்றைக்கு அவர்கள் பேச வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரலிலிருந்து வாடகை கூடும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பாக்கி வந்தால் சமாளிக்கலாம். வராவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம் என்று குறைக்க நேரும், 2001-க்குப் போய்ச் சேர மாட்டோம். செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் ஆல்பம் பட்டியல், குறிப்பேடு, அறைச்சாவி எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். அப்படி யாரும் இல்லையென்றால் நானே தொடர்கிறேன். வரிசை மட்டும் நடுவில் நிற்கக் கூடாது.

ஹியூமன் கேட்கும் கூட்டம் வரும் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. இன்று கூட்டம் முடிந்த பிறகும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே மேஜையில் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்