ஒரே ஒரு நிழல்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீ ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய புரோக்கன் ஹில் சுரங்க ஊர் போட்டோக்கள் வந்தன. அம்மா கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

வண்டியில் எப்போதும் தண்ணீர் வைத்துக்கொள். பாலைவனத்தில் போன் எடுக்காதாமே.

சுரங்கத்தில் செத்தவர்களுக்கு அந்த ஊரில் கட்டியிருக்கும் நினைவிடத்துக்கு நீ போனதில் எனக்குப் பெருமை. எண்ணூறுக்கு மேல் பெயர்கள், எப்படிச் செத்தான் என்பதும் பக்கத்திலேயே. பாறை விழுந்து, ஈய விஷம் ஏறி என்று. உன் தாத்தா நம் சுரங்கத்தில் பாறை வெடித்துச் சிதறிய ஏர்பிளாஸ்டில் போனபோது எனக்கு ஆறு வயது. அவர் பெயரை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. அங்கே 1919ல் ஆரம்பித்து பதினெட்டு மாதம் ஸ்டிரைக் செய்து, வாரத்துக்கு 35 மணி நேர வேலை வாங்கினார்கள் என்று அக்கா மகள் படித்துக் காட்டினாள். பதினெட்டு மாதம்! அத்தனை வீட்டிலும் அடுப்பு எப்படி எரிந்ததோ.

வேலி பார்க்கிற ஆள் ஒருவன் 1883ல் தகரம் என்று நினைத்து எடுத்த பாறையாம், அதில்தான் வெள்ளியும் ஈயமும் இருந்ததாம். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் குவிந்த நம் சயனைட் மலையில் நீ சறுக்கி விளையாடி டவுசரைக் கிழித்துக்கொண்டு வருவாய். அங்கே மண் சிவப்பாக இருக்கிறது, இங்கே வெளுப்பு. மற்றபடி மூடிய ஷாஃப்டும் துருப்பிடித்த இரும்பும் நம் ஊர் மாதிரியேதான். இதைப் பார்க்க ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டுமா? இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது உனக்கு.

முண்டி முண்டி சமவெளியில் சாயங்கால வெயிலில் எடுத்த படத்தில் உன் நிழல் மட்டும் நீளமாக விழுந்திருக்கிறது. அம்மா அதையே பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் தனியாகப் போகாதே. தண்ணீர் இருபது லிட்டராவது இருக்கட்டும்.

2001 பிப்ரவரியில் மைன் மூடினார்களே, அந்த வருஷம் நான் அம்மாவோடு பேசவில்லை. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கு வேலை போனது, அதைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். உனக்குப் பன்னிரண்டு வயது. "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க" என்று வாசலுக்கு வந்து சொல்வாய். "பசியில்லைன்னு சொல்லு" என்பேன். திண்ணைக்கும் அடுப்படிக்கும் நடுவே எட்டு மாதம் உன்னை நடக்கவிட்டேன். அதற்கு இன்றுவரை உன்னிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, அவளிடமும் கேட்டதில்லை. நீ வாயை மூடிக்கொண்டு இருக்கும்போதெல்லாம் எனக்கு என் முகம்தான் தெரிகிறது, தம்பி.

மருமகளோடு அம்மா பேசி நாலு மாதம் ஆகிறது.

சரி. நான் காலை ஐந்து மணிக்கெல்லாம் எழுந்துவிடுவேன், அம்மா எழுந்திருக்க ஆறாகும். அந்த நேரத்தில் கூப்பிடு. தண்ணீரை மறக்காதே.

அன்புடன்,
அப்பா
மாரிகுப்பம், கோலார் தங்கவயல்