27 லட்சம் டாலர் காபி

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் அமெரிக்க நீதிமன்றக் கட்டுரையில், 'கை தவறிக் கொட்டிய காபிக்குக் கோடிகளை அள்ளிக் கொடுத்த ஜூரி' என்று ஒரு வரி. ஜூரி என்றால் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் சாதாரண மக்களின் குழு. சிரித்துவிட்டுப் போகலாம்தான். முடியவில்லை.

அது 1994இல் நியூ மெக்சிகோவில் நடந்த மெக்டொனால்ட்ஸ் வழக்கு. 79 வயதில் காபி கொட்டி வெந்து, தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மூதாட்டி. காபிச் சூடு பற்றி அதற்கு முன்பே 700 புகார்கள் அந்தக் கம்பெனியிடம் கிடந்தன. மூதாட்டி மீதும் 20 சதவீதம் தப்பு என்று நஷ்டஈட்டில் கழித்தது இதே ஜூரிதான். நஷ்டஈட்டுக்கு மேல் கம்பெனிக்குத் தண்டமாக ஜூரி விதித்த 27 லட்சம் டாலரை நீதிபதி 4.8 லட்சமாகக் குறைத்தார். தங்களுக்குத் தெரியாததா? கட்டுரையாளருக்கு இடம் போதவில்லை போலும்.

ஜூரியில் 'தெருவில் போகிறவர்களைப் பிடித்து உட்கார வைப்பார்கள்' என்கிறார். கலிபோர்னியாவில் அப்படிப் பிடிபட்டவள் நான். கார் விபத்து வழக்கு. முதுகுவலி உண்டா, யார் மீதாவது கேஸ் போட்டதுண்டா என்று இரு வக்கீல்களும் துருவினார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை என்றதும், அடிபட்டவரின் வக்கீல் காரணமே சொல்லாமல் என்னை விலக்கிவிட்டார். சட்டம் அவருக்கு அதைத் தருகிறது. சரி, போகட்டும்.

20 டாலருக்கு மேற்பட்ட வழக்குக்கு ஜூரி உண்டு என்று 1791இலேயே அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் சொன்னது. கலிபோர்னியா அரசியல் சட்டத்திலும் அந்த உரிமை உண்டு. பழைய கார் ஒன்று வாங்கி, கியர் பெட்டி போய், விற்றவரிடம் நியாயம் கேட்டேன். முழ நீள ஒப்பந்தத்தைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தில் விரல் வைத்தார். தகராறு வந்தால் மத்தியஸ்தர்தான், ஜூரி கிடையாதாம். 2011இல் 30 டாலர் செல்போன் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தின் பக்கமே நின்றது. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை? காபிதான் ருசியாக இருந்திருக்கிறது.

அமெரிக்கா என்றாலே உங்களுக்கு ஒன்று சொர்க்கம், இல்லாவிட்டால் கேலிக்கூத்து. போன வருஷம் நான் எழுதியதையும் நாலு வரியாக வெட்டினீர்கள். தீபாவளி மலர் எனக்குப் பொங்கலுக்கு வருகிறது. அதற்கு வெளிநாட்டுச் சந்தா வேறு.

அடுத்த இதழில் 4.8 லட்சம் என்று திருத்தம் மட்டும் போடுங்கள். இதை வெட்டினாலும் அந்த எண்ணை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
கலிபோர்னியா சந்தாதாரர்