ஞாயிறு காலை படித்துறையில் நீர்நில விமானங்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜனவரி 18, ஞாயிறு காலை 7 மணிக்குக் கும்பகோணம் பகவத் படித்துறையில் கூடுகிறோம். மேட்டூர் அணையை மூடும் நாள் நெருங்குகிறது. காவிரியில் தண்ணீர் ஓடும்போதே நம் மாதிரி விமானங்களை மிதக்க விட்டுவிட வேண்டும்.

இம்முறை பேச்சு, 1937இல் முதன்முதலாகப் பறந்த கிரம்மன் கூஸ் என்ற நீர்நில விமானம் பற்றி. வயிறு படகு, இறக்கையில் இரண்டு என்ஜின்கள். சக்கரத்தைக் கைப்பிடி சுற்றித்தான் உள்ளே இழுக்க வேண்டும். மறந்துபோய்ச் சக்கரத்தோடு தண்ணீரில் இறங்கினால் குப்புறக் கவிழ்ந்துவிடும். வாத்து போன்ற அந்த உருவத்தைவிட அழகான விமானத்தை நான் பார்த்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் நம் செங்குன்றம் ஏரியிலிருந்து பறந்த காட்டலினா என்ற பறக்கும் படகு விமானங்களைப் பற்றியும் பேசலாம்.

1. மாதிரியின் வாலில் நைலான் கயிறு கட்டிக் கொண்டுவாருங்கள். போன முறை என் காட்டலினாவை ஆறு இழுத்துப் போனது. மனம் இன்னும் ஆறவில்லை.
2. பால்சா மரமானால் அடிப்பக்கம் இரண்டு பூச்சு வார்னிஷ் அவசியம்.
3. பிள்ளைகளைத் தண்ணீருக்குள் இறங்க விடாதீர்கள்.
4. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கே எழுதுங்கள். இட்லி, காபி சொல்ல வேண்டும்.